சந்தைக்கு முந்தின ராத்திரி

மலையில் வெளிச்சம் இறங்கினால் விடிந்தால் சந்தை. நம் தெருவில் காலண்டர் மாட்டிய வீடு ஒன்றோ இரண்டோதான். மற்றவர்கள் மலையைப் பார்த்தே கிழமை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராச்சோறு தின்றுவிட்டுத் திண்ணையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், மேற்கே கறுத்துக் கிடக்கிற கல்வராயன் சரிவில் முதலில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல. ஒரு வளைவில் மறைந்து, நினைக்காத வேறோர் இடத்தில் முளைக்கும். நீ விரலை நீட்டி எண்ணத் தொடங்குவாய். "வழி நடக்கிற ஜனத்த எண்ணாதீங்கடா" என்று உள்ளேயிருந்து ஆயா சத்தம் போடும்.

காய்ந்த மூங்கில் பிளாச்சுகளைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்திய சூள் அது. பிற்பாடு அரிக்கேன் வந்தது. அதற்கும் பிற்பாடு மூன்று கட்டை டார்ச் லைட்டு. எதுவானாலும் ஊர் எல்லைக்கு வந்ததும் அணைத்துவிடுவார்கள், வெளிச்சத்தை வீணாக்க மாட்டார்கள். அதனால் இருட்டில் ஆளுக்கு முன்னால் வாசனைதான் வரும். மூங்கில் புகை, வேர்வை, கனிந்த சீத்தாப்பழம், கூடைக்குள் இலையில் பொதிந்து வைத்த தேனடை. நாய்கள் பேருக்கு நாலு குரை குரைத்துவிட்டு, இவர்கள்தானா என்று படுத்துக்கொள்ளும்.

ஊர் முகப்பில் சுமைதாங்கி இருந்ததே, ரெண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல்லைப் படுக்க வைத்தது. வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன யாரோ ஒருத்திக்காக அவள் வீட்டார் வைத்தது என்பார்கள். நம் பக்கத்துச் சுமைதாங்கிகளுக்கெல்லாம் அதே கதைதான். தலைச்சுமைக்காரி இன்னொரு கை உதவி இல்லாமல் லேசாகச் சாய்ந்து கூடையை அதன்மேல் தள்ளிவிட்டுக் கழுத்தை நிமிர்த்தலாம். எத்தனை தலைமுறைக் கூடை உராய்ந்ததோ, கல்லின் மேல்பக்கம் வழவழவென்று இருக்கும். பகலில் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு நாம் விளாங்காய் உடைத்துத் தின்போம். யாராவது சுமையோடு வந்தால் குதித்து இறங்கிவிட வேண்டும். யாரும் சொல்லித் தந்ததில்லை, ஆனால் இறங்காத பிள்ளை கிடையாது.

வந்தவர்களில் சிலர் நம் திண்ணையில், சிலர் மாரியம்மன் கோயில் வாசலில், மிச்சப்பேர் புளியமரத்தடியில். வா என்று கூப்பிட்டதும் இல்லை, வராதே என்று சொன்னதும் இல்லை. மலைக்காரருக்குத் திறந்து கிடந்த அதே திண்ணையில் காலனி ஆள் ஒருத்தர் உட்கார முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நினைவு இனிக்கிறது என்பதற்காக அதை விட்டுவிட மனசு வரவில்லை. ஆயா ஒரு குண்டான் நிறைய நீச்சத்தண்ணியும், கொட்டாங்குச்சியில் உப்பும் கொண்டுபோய் வைக்கும். அவர்கள் இலையைப் பிரித்துச் சாமைச் சோற்று உருண்டையை எடுப்பார்கள். நமக்கும் ஒரு கவளம் உண்டு. சாமைக்கு ஒரு வாசனை இருக்கிறது, அடுப்புச் சாம்பலும் வைக்கோலும் கலந்த வாசனை. நெல்லுச்சோற்றில் அது கிடையாது.

கூட்டத்தில் மூத்தவரைக் கரியாலூர்க் கவுண்டர் என்போம். பேர் வேறு ஏதோ. காதில் கடுக்கன், தோளில் ஒரு கம்பளி, கையில் எண்ணெய் ஏறிய மூங்கில் தடி. அவர் வாயால்தான் ஜாகீர் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டேன். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்களாக மலை பிரிந்து கிடந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து முப்பது வருஷம் ஆகப்போகிற சமயத்தில், 1976ல்தான் அரசாங்கம் மலையைத் தன் கைக்கு எடுத்தது. அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, 1965ல், கீழே கோமுகி அணை எழும்பிவிட்டது. மலையில் பெய்த மழை நம் வாய்க்காலில் ஓடியது. பெய்த இடத்துக்காரர்களுக்கு அந்த அணையால் கிடைத்ததெல்லாம், சந்தைக்குப் போகிற வழியில் முகம் கழுவ ஒரு கரை. கவுண்டர் இதையெல்லாம் குறையாகச் சொன்னதில்லை. "அப்ப அவங்களுக்குக் குடுத்தோம், இப்ப கீழ இருக்கிறவங்களுக்குக் குடுக்கறோம்" என்பார், அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

அவர்கள் தூங்கினாலும் நம் வீட்டில் யாரும் தூங்குவதில்லை. முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாக வாழைநாரில் கட்ட வேண்டும். கத்தரிக்காயில் சொத்தை பொறுக்க வேண்டும். முட்டைதான் பெரிய வேலை. ஆயா சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, முட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு சுடருக்கு நேரே காட்டும். ஓட்டுக்குள்ளே செம்மஞ்சளாக வெளிச்சம் பரவும். மெதுவாக ஒரு சுற்று சுற்றும். உள்ளே நிழல் ஓடினால் "இது ஆவாது" என்று ஒதுக்கிவிட்டு, ஆகிறதை உமி கொட்டிய தூக்கில் கூர்முனை கீழே இருக்கும்படி செருகும். மேலே இன்னும் ஒரு கை உமி. ஒதுக்கியது நமக்கா என்றால் அதுவும் இல்லை, அடை கோழிக்கு. நீயும் நானும் அந்த உமித் தூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்த நடையை இன்றைக்கு யாராவது பார்த்தால் சாமி தூக்குகிறார்கள் என்பார்கள்.

கோழி கூப்பிடுகிற நேரத்துக்குப் புறப்பாடு. கிழிந்த புடவைத் துண்டை முறுக்கி வட்டமாகச் சுற்றி, சும்மாட்டைத் தலையில் வைத்து, "தூக்கு" என்று ஒரு சொல். ரெண்டு பேர் தூக்கிவிட ஒருத்தர் எழுந்திருப்பார். முதல் பத்தடிக்கு யாரும் பேச மாட்டார்கள், சுமை தலையில் உட்காரட்டும் என்று. அப்புறம்தான் பேச்சு. யார் வீட்டில் எருமை ஈன்றது, எந்தப் பெண்ணைக் கேட்டு வந்தார்கள், எவன் எவளோடு போனான். ஊரில் வாய் திறக்காத பெண்கள் அந்த வழியில்தான் வாய் திறந்தார்கள். மாமியாருக்கும் வீட்டுக்காரனுக்கும் காது எட்டாத தூரம் அது. நாம் பிள்ளைகள்தானே என்று நம்மை வைத்துக்கொண்டே எல்லாம் பேசினார்கள். பாதி புரியவில்லை, புரிந்த பாதியை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கச்சிராயபாளையம் வரை நடந்து, அங்கே பஸ் பிடிப்பதுதான் ஏற்பாடு. அங்கிருந்து கள்ளக்குறிச்சி 15 கிலோமீட்டர் சொச்சம். மலைக்காரர்கள் பஸ்ஸைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அந்தத் தூரத்தையும் சேர்த்தே நடப்பார்கள். ஆயாவுக்கும் சில நாள் மனசு மாறும். "ரெண்டு டிக்கெட்டுக் காசு மிச்சம், போண்டா வாங்கித் தரேன், நடங்கடா" என்றால் நமக்குக் கொண்டாட்டம். நடந்து போன நாட்கள்தான் தனித்தனியாக நினைவில் நிற்கின்றன. பஸ்ஸில் போனதெல்லாம் ஒரே பயணமாகக் கலந்துவிட்டது.

அந்த ஒரே பயணத்தைச் சொல்வதானால்: தந்தை பெரியார் பஸ். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் என்று முழுதாகச் சொன்னவர் யாருமில்லை, "பெரியார் வந்துட்டானா?" என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு பேரில் கழகம் இருந்தது. 1997ல் எல்லாப் பேரையும் அழித்து ஒரே பேராக்கினார்கள். பெரியார் வருவார், கூடைகள் டாப்புக்கு ஏறும், கோழிக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டரோடு சண்டை தொடங்கும். "மடியில வச்சிருக்கிற பிள்ளைக்கு டிக்கெட் போடுவியா? இதும் மடியிலதான இருக்குது" என்று ஆயா முந்தானைக்குள் கோழியை அமுக்கிக்கொள்ளும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கோழி கொக்கரிக்கும். பஸ்ஸே சிரிக்கும். ஏமப்பேர் வருகிறவரை சண்டை ஓடும், அதற்குள் ஊரே வந்துவிடும்.

நடந்து போகிற நாளில் வடக்கனந்தல் தாண்டியதும் மூக்கு விழித்துக்கொள்ளும். கரும்புக் கொல்லைக்கு நடுவே வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை. கொப்பரையில் சாறு கொதித்து, நுரை எடுத்து, பாகாகிற பக்குவத்தில் ஒரு வாசனை வரும் பார், அதற்கு முன்னால் எந்த மிட்டாய்க் கடையும் நிற்காது. கொப்பரையடி ஆள் ஆமணக்கு இலையிலோ பூவரசு இலையிலோ ஒரு கரண்டி பாகை ஊற்றித் தருவார். காசு கேட்டதில்லை. இலையை ஊதி ஊதி நக்கிக்கொண்டே நடப்போம். உதடு வெந்துபோகும், நிறுத்த மாட்டோம். இப்போது அந்தப் பக்கம் போனால் டிராக்டரும் லாரியுமாகக் கரும்பு கூட்டுறவு ஆலைக்கு வரிசை கட்டி நிற்கிறது. மொலாசஸ் வாடை காற்றில் நிற்கிறது. வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை ஒன்றிரண்டு இருக்கிறது என்றார்கள், எனக்குக் கண்ணில் படவில்லை.

கள்ளக்குறிச்சி வந்ததை முதலில் சொல்வது அரிசி ஆலை. நெல் அவிகிற வாசனை. அப்புறம் மரச்சிற்பக்காரர்கள் தெருவில் உளிச் சத்தம், டொக் டொக்கென்று, ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் தொடங்கும். கையில்லாத சாமி, தலையில்லாத யானை எல்லாம் வாசலில் கிடக்கும். நாம் ஒதுங்கி நின்று பார்ப்போம், ஆயா காதைப் பிடித்து இழுக்கும். அந்தச் சிற்பங்களுக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு மரத்தூள் வாசனைதான் வந்தது.

இனி தானியக் கடை. இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், நீயும் அன்றைக்கு அங்கே இருந்தாய். மெட்ரிக் அளவெல்லாம் வந்து வருஷங்கள் ஆகியும் மரக்காலும் படியும் ஓடிக்கொண்டிருந்த காலம். மலைக்காரர்கள் சாமை மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவார்கள். கடையாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரக்காலில் அள்ளுவார். முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை, "லாபம்" என்றுதான் தொடங்க வேண்டும். "லாபம்... லாபம்... லாபம்..." என்று இழுத்துக்கொண்டே அளந்து கொட்டி, அடுத்ததை அள்ளும்போது "ரெண்டு... ரெண்டு..." ஒரு பாட்டு. கேட்கக் கேட்கத் தூக்கம் வரும். மலைக்காரர் சாமை அளக்கையில் மரக்காலுக்கு மேல் இரண்டு கையாலும் கூட்டிக் கோபுரம் எழுப்புவார்கள். அதே ஆளுக்கு உப்பு அளக்கையில் ஒரு குச்சியை மேலே வைத்து வழித்துத் தலை தட்டுவார்கள். எல்லாக் கடையும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அந்தக் கடை இப்படி.

அன்றைக்குக் கடையாள் "லாபம்" என்றார், அடுத்ததற்கு "ஒண்ணு" என்றார். அதற்கடுத்தது ரெண்டு. பாட்டு நிற்காமல் போனதில் யாரும் கவனிக்கவில்லை. கரியாலூர்க் கவுண்டர் மட்டும் ஒவ்வொரு மரக்காலுக்கும் வலது பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு கடுக்காயை எடுத்து இடது பக்கம் வைத்துக்கொண்டிருந்தார். கடையாள் "எட்டு" என்று முடித்தபோது இந்தப் பக்கம் ஒன்பது கடுக்காய்.

"ஒண்ணு கொறையுது சாமி."

"லாபம் கணக்குல வராது கவுண்டரே. அது தெய்வத்துக்கு."

கவுண்டர் கடுக்காயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் ஆயாதான் முருங்கைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தது. "தெய்வத்துக்குன்னா கோயில்ல கொண்டு போயி கொட்டு. ஒன் மூட்டையில எதுக்குக் கொட்டற?" கடையிலிருந்த மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கடையாள் முகம் சுண்டிப்போய் ஒன்பதாவது மரக்காலுக்கும் சேர்த்துக் காசை எண்ணி வைத்தார். கவுண்டர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. அடுத்த சந்தைக்கு வருகையில் ஒரு போத்தல் தேனைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். ஆயா அதை எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, இருமல் வந்தவனுக்கு மட்டும் ஒரு விரல் தந்தது. நீ இல்லாத இருமலை இருமினாய்.

சந்தைக்குள் நுழைகிற இடத்தில் குத்தகைக்காரரின் ஆள் சீட்டுக் கிழிப்பார், கூடைக்கு இவ்வளவு என்று சுங்கம். நுழைந்ததும் ஆயாவுக்கு ஒரு புளியமர நிழல் உண்டு. சாக்கை விரித்து, தண்ணீர் தெளித்து, முதல் போணிக்காகக் காத்திருக்கும். முதலில் வருகிறவர் எவ்வளவு அடாவடியாகக் கேட்டாலும் அவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வாங்கின காசைக் கண்ணில் ஒற்றி, கூடையை ஒரு சுற்று சுற்றி, சுருக்குப் பையில் போடும். அதன்பிறகுதான் நாம் வாயைத் திறந்து போண்டா என்று சொல்லலாம்.

கருவாட்டு வரிசைதான் சந்தையின் நடுநாயகம். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த நெத்திலி, வாளை, சுறா. மலைக்காரர்கள் அங்கேதான் நெடுநேரம் நிற்பார்கள். கருவாடு, உப்பு, மண்ணெண்ணெய், துணி, பிள்ளைக்குப் பொரி. சாமையும் கடுக்காயும் புளியும் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் இறக்கிவிட்டு இவ்வளவுதான் ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் ஈயம் பூசுகிறவர் குழிக்குள் கரி போட்டுத் துருத்தியை மிதித்துக்கொண்டிருப்பார். பித்தளைத் தவலையைச் சுடவைத்து நவச்சாரத்தைத் தூவினதும் வெள்ளையாக ஒரு புகை, மூக்கைக் குத்துகிற புகை. ஈயத்தை வைத்துப் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் கறுத்த தவலைக்குள் நிலா. இதைப் பார்க்க நாம் எத்தனை தடவை ஆயாவிடம் அடி வாங்கியிருக்கிறோம். இன்றைக்கு எவர்சில்வர் வைத்திருக்கிற வீட்டில் ஈயம் பூசுவதென்றால் என்ன என்று கேட்கிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

மாடு வாங்க மட்டும் தியாகதுருகம் போக வேண்டும். ஆட்டுக்கு உளுந்தூர்பேட்டை புதன்கிழமைச் சந்தை. பெரியப்பாவோடு துருகத்துக்குப் போனதில் எனக்கு மறக்காதது தரகரின் துண்டு. வாங்குகிறவர் கையும் தரகர் கையும் துண்டுக்குள் போய்விடும். மேலே முகத்தில் ஒன்றும் தெரியாது, வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். துண்டு மட்டும் அசையும். எந்த விரலைப் பிடித்தால் நூறு, எதை மடக்கினால் பத்து என்று பெரியப்பா கடைசிவரை எனக்குச் சொல்லித் தரவில்லை. பேரம் படிந்ததும் விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொள்வார், வாங்கினவர் புதுக்கயிறு போடுவார். கயிற்றைக் கொடுத்தால் கொட்டகையே காலியாகிவிடும் என்று நம்பிக்கை. பெரியப்பா விற்ற செவலைக்காளையின் கயிறு நம் வீட்டு எறவாணத்தில் வருஷக்கணக்கில் தொங்கியது.

திரும்புகிற வழியில் பேச்சு குறைந்திருக்கும். காசு எண்ணிக்கொண்டே நடப்பார்கள். மலைக்காரர்களில் சில ஆண்கள் சந்தையிலேயே தடுமாறுவார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வாயால் திட்டிக்கொண்டு, தலையில் உப்பு மூட்டையோடு வருவார்கள். அந்த வழக்கம் அங்கே மலையிலும் இருந்தது, கீழே நம்மிடமும் இருந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, நம் ஊர்ப் பேர் நாடு முழுக்கத் தெரிந்தது. அதன்பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து மலைமக்களின் சாலை, மருத்துவம், படிப்பு பற்றியெல்லாம் கேட்டது. அத்தனை சாவுக்குப் பிறகுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

சாலை இல்லாத காலத்தின் இன்னொரு பக்கத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். அதே ஒற்றையடிப் பாதையில், சந்தை இல்லாத ராத்திரியிலும் சில சமயம் சூள் இறங்கும். அன்றைக்கு ஆயா எண்ணாதே என்று சொல்லாது, எழுந்து வாசலுக்கு வந்து நிற்கும். மூங்கில் கழியில் தூளி கட்டிப் பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாத் தூளியும் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஆகவே அந்த நடை திரும்ப வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். சிறுவங்கூரில் 2022லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் பஸ் ஏறுகிறது. இவை நடக்கட்டும்.

நீ ஊரை விட்டுப் போனபின் நடந்தவற்றைச் சொல்கிறேன். சாலையை அகலப்படுத்தினபோது புளியமரங்கள் போயின. சுமைதாங்கியைப் பெயர்த்து ஓரமாகப் போட்டார்கள். கொஞ்ச நாள் யாரோ அதன்மேல் துணி துவைத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. திண்ணைகளுக்குக் கிரில் கதவு போட்டாயிற்று, நம் வீட்டுக்கும்தான், போட்டவன் நான். மலைக்குக் குட்டியானை வண்டி ஏறி மரவள்ளிக் கிழங்கையும் மக்காச்சோளத்தையும் கொல்லையிலேயே எடை போட்டு ஏற்றிக்கொண்டு வருகிறது. பையன்கள் பைக்கில் முக்கால் மணி நேரத்தில் இறங்கி ஏறுகிறார்கள். குடகுக்குக் காப்பி பறிக்கவும் கேரளத்துக்கு மிளகு பறிக்கவும் வண்டி பேசிக் குடும்பத்தோடு போகிறார்கள். தை தாண்டினால் சில குடிசைகளில் கிழவர்கள் மட்டும்.

கள்ளக்குறிச்சிக்குக் கூட்டமாக இறங்குகிற நாள் ஒன்று இன்னமும் இருக்கிறது, திங்கட்கிழமை. முதலில் கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போக வேண்டும். 1993க்குப் பிறகு விழுப்புரம். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டமாகிவிட்டது. குறைதீர் நாளுக்கு மலையிலிருந்து வருகிறார்கள். தலையில் கூடை இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் மனு, ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்று கேட்டு முன்பு கொடுத்த மனுவின் நகல். அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். வேலையாகப் போன ஒரு திங்கட்கிழமை அங்கே நின்று பார்த்தேன். பெண்கள் கும்பலாக வேலியோரம் உட்கார்ந்து தூக்கைத் திறந்தார்கள். எலுமிச்சை சாதம், ரேஷன் அரிசியில். பேச்சு மட்டும் அந்தப் பழைய பேச்சுதான்: யார் வீட்டில் என்ன, எவன் எவளோடு போனான். காது கொடுக்கப் போய், கூச்சமாகி நகர்ந்துவிட்டேன்.

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், நகரத்தில் சாமைக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரிப் பைக்குள் அடைத்து, மலைப்படத்தை மேலே போட்டு, குளிர் ஓடுகிற கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சர்க்கரை வந்த பெரிய மனிதர்கள் வாங்குகிறார்கள். நானும் வாங்குகிறேன், டாக்டர் சொன்னார். வேகவைத்தால் அந்தச் சாம்பல் வாசனை வரவில்லை. பட்டை அதிகம் தீட்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

போன மாதம் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கையில் ஒரு பையன் பைக்கை நிறுத்தி, "மலைப்பக்கமா அண்ணே?" என்று கேட்டான். அவன் ஊர் கரியாலூர் என்றதும் நான் கவுண்டரின் அடையாளத்தைச் சொன்னேன், கடுக்கன், கம்பளி, கடுக்காய் எண்ணுகிற பழக்கம். அவனுக்குக் கொள்ளுத்தாத்தா முறை ஆகிறதாம். பார்த்ததில்லை. "எங்க பாட்டி சொல்லும், கீழ ஒரு வீட்டுத் திண்ணைல படுப்பாங்களாம்" என்றான். அந்தத் திண்ணை எங்களுடையது என்று சொல்ல வாய் வந்தது. கிரில் கதவு நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

"சந்தைக்கெல்லாம் இப்ப போறதில்லியா?"

"எதுக்குண்ணே? காய்கறி வண்டி மேலயே வருது. துணியெல்லாம் போன்ல போட்டா வந்துடுது, டவர் கெடச்சா."

பட்டை தீட்டாத சாமை கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன். நல்ல விலை தருவதாகவும் சொன்னேன்.

"நாங்க கெழங்குதான் போடறோம், ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஃபேக்டரிக்குப் போவுது. சாமை வெதச்சு ரொம்ப வருசமாச்சு." கொஞ்சம் யோசித்தான். "அவசரம்னா கள்ளக்குறிச்சில ஒரு கடையில பாக்கெட்டு கெடைக்கும்ணே. நாளைக்கு வர்றப்ப வாங்கியாரட்டுமா?"